அடக்க ஆராதனைக்கு ஒரு பிறந்தநாள் கேக்

சவுதியின் ஜுபைல் கேம்ப்பில் எங்கள் அறைக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கேக் வரும். ஞாயிறு டியூட்டி நாள். அதனால் ஞாயிறு ஆராதனையை விடுமுறை நாளான வெள்ளிக்கு மாற்றியிருந்தோம். ஐந்து பேர். வெளிப்படையாக ஆராதிக்க அங்கே அனுமதி இல்லை. கை தட்டமாட்டோம், உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்வோம். பாட்டு உதட்டோடு சரி. யாராவது வந்தால் நடுவில் கேக் இருக்கும், பர்த்டே கொண்டாடுகிறோம் என்று அர்த்தம். மற்றவர்களுக்கு அது போதும். எனக்குப் போதாது. கதவடியில் துண்டைச் சுருட்டி வைப்பேன், டிவி சத்தத்தைக் கூட்டுவேன், அப்போதும் கண் கதவிலேயே இருக்கும்.

பக்கத்து ரூம் அரியலூர்க்காரர் ஒருவர் வராந்தாவில் வெங்காயம் உரித்தபடி காவல் இருப்பார். எங்கள் மதம் இல்லை, ஆனாலும் இருப்பார். "ஏன்யா, உங்க சாமிக்கு மட்டும் வாராவாரம் பொறந்தநாள் வருது?" என்பார்.

ஒரு வெள்ளி, எங்களில் ஒருவரான வெல்டர் அண்ணாச்சியின் அம்மாவுக்கு ஊரில் அடக்கம். சாயர்புரம் பக்கம். லீவு கேட்டிருந்தார், விசா கொடுத்த முதலாளி, கஃபீலின் கையெழுத்து வரவில்லை. போனில்தான் பார்க்க வேண்டும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"மூடுததுக்கு முந்தி எம்மா மொகத்த ஒருக்கா பாத்துக்கிடுதேம்ல. அங்க பாடும்போது நாமளும் மெதுவாப் பாடிருவோம்."

துக்கத்துக்கு எதற்குக் கேக் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெள்ளி என்றால் கேக். கை அப்படிப் பழகிவிட்டது.

போனில், கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். கேமரா கூட்டத்தின் முதுகுகளுக்குள் நுழைந்து முகத்தை நோக்கிப் போனது.

"சலாம் பாய்! வாங்க பாய்!" வெளியே காவலிருந்த அரியலூர்க்காரர் எங்களுக்குக் கேட்கும்படி கத்தினார்.

கேம்ப் பாஸ் உள்ளே வந்துவிட்டார். அண்ணாச்சியின் கை போனைத் தலையணையில் கவிழ்த்தது.

"அரே, பர்த்டே!" கேம்ப் பாஸின் கண் வெள்ளைச் சட்டையில் நின்றது; அண்ணாச்சிக்குத்தான் பிறந்தநாள் என்று எடுத்துக்கொண்டார். "ஆப்கா? முபாரக் ஹோ, பாய்!"

பிளாஸ்டிக் கத்தியை எடுத்து அவரே அண்ணாச்சி கையில் திணித்தார். ஹேப்பி பர்த்டேவை அவரே தொடங்கினார். நாங்கள் பாடினோம். அந்த அறையில் நாங்கள் வாய்விட்டுப் பாடிய ஒரே பாட்டு அது. கையும் தட்டினோம். அண்ணாச்சி கேக்கை வெட்டினார். ஒரு துண்டு அவர் வாய்க்குள் போனது. கண்ணீரைப் பார்த்த கேம்ப் பாஸ், ஊர் ஞாபகம் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார். தானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போனார். கெட்ட மனிதர் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. யாரைத் திட்டுவது?

போனைத் திருப்பினோம். மண்மேட்டில் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மூடிட்டாவ," என்றார் அண்ணாச்சி.

அறைக்குள் கும்பிட்டால் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். அப்படி எழுதிக் கொடுத்தவர் யார்? விசா தாளில் மதம் என்ன என்று கேட்டு, கிறிஸ்தவன் என்று எழுதி வாங்கித்தானே கூட்டிவந்தார்கள்? வெல்டிங் பிடிக்க இந்தக் கை வேண்டும், பெயின்ட் அடிக்க இந்தக் கை வேண்டும், அது கூப்பினால் மட்டும் ஆகாதா? எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். படித்தவர்கள் யாராவது எனக்கு விளக்கிச் சொல்லுங்கள். செத்துப்போன தாய்க்குப் பாட வந்தவனை ஏன் பிறந்தநாள் கொண்டாட வைத்தீர்கள்?

கேக்கைத் தூக்கிக்கொண்டு வராந்தாக் குப்பைத்தொட்டிக்கு நடந்தேன்.

"அங்க போடாதல," என்றார் அண்ணாச்சி. "பர்த்டே கேக்க எவம்ல குப்பையில போடுவான்? பாத்தாம்னா கேப்பான்."

வழக்கமாக நான் படுகிற பயம் அது. அன்று அவர் வாயிலிருந்து வந்தது. திரும்பி வந்து கேக்கை நடுவில் வைத்தேன். அவர்தான் முதலில் எடுத்தார். பிறகு ஒவ்வொருவராக எடுத்தோம். அட்டையில் ஒட்டியிருந்த கிரீம்வரை வழித்துத் தின்று முடித்தோம்.