எட்டாவது கடலுக்கு அடியில் சேவியர்

சேவியர் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது, நான் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையொன்றில் ஒரு நெய்த்தோசையோடு போர் புரிந்துகொண்டிருந்தேன். அழைத்தது அவன் மனைவி எஸ்தர்.

“அண்ணே, உங்க கூட்டாளி போயிட்டாரு. தூக்கத்துலயே. ஒரு சத்தமும் இல்ல.”

சத்தமில்லாமல் இருப்பது அவனுக்குப் புதிதல்ல. ஓர் ஆல்பம் முழுக்க வாசித்துவிட்டு, பல ஆண்டுகள் ஒருவர் காதிலும் விழாமல் வாழ்ந்த பேஸ் கித்தார்காரன் அவன்.

எங்கள் ‘செங்கல் சூளை’ குழுவை அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. அறியாத பாவப்பட்ட ஜீவன்களுக்குச் சொல்கிறேன்: அது கிள்ளான் பள்ளத்தாக்கின், ஏன், இந்தப் பால்வெளியின் மாபெரும் தமிழ் ராக் குழு. எங்கள் ஒரே ஆல்பம் ‘எட்டாவது கடல்’. கீபோர்டு நான், ஒலிப்பதிவை ஆட்டிவைத்ததும் நானே. வயலின் படை, உறுமி, தேவாலயப் பாடகர்கள், இடி, அந்த இடிக்கு எதிரொலி என்று எல்லாவற்றையும் அதில் கொட்டினேன். சங்கு மட்டும்தான் இல்லை. ஊத வேண்டியவர் அன்று உடம்பு சரியில்லை என்று எம்.சி. விடுப்பு எடுத்துவிட்டார்.

ஆல்பம் வெளிவந்த அன்று கிள்ளானில் சேவியர் வீட்டில் கூடிக் கேட்டோம். முடிந்ததும் எஸ்தர் கேட்டார்: “எல்லாம் கேக்குது. நீங்க எங்கங்க?”

“நான் இருக்கேன் லா. அடியில. நல்லா கேளு.”

“கித்தார்ல வயர மாட்டுனீங்களா, இல்லையா?”

அந்தக் கேள்வி அக்குடும்பத்தின் தேசிய கீதமாயிற்று. கல்யாணமோ கிறிஸ்மஸோ, எங்கள் பாட்டு எங்கே ஒலித்தாலும் மச்சினர்கள் சேர்ந்திசையாகக் கேட்பார்கள். அவனும் கூடவே சிரிப்பான். பிறகு என்னை ஓரமாக இழுத்துப் போய், “டேய் முத்து, உன் அரண்மனையில ஒரு சுவர இடிடா. உள்ள ஒருத்தன் மாட்டிக்கிட்டு இருக்கேன்” என்பான்.

“அரண்மனைய இடிச்சா அது கொட்டாய்டா” என்பேன் நான். வாழையிலைச் சாப்பாட்டின் மீது நாங்கள் நடத்திய இந்த யுத்தத்தில் எத்தனை அப்பளங்கள் நொறுங்கின என்பதை வரலாறு அறியும்.

அண்மையில், பெட்டாலிங் ஜெயாவில் ஒலிக்கூடம் நடத்தும் ரேகா எங்கள் பழைய ஒலிநாடாக்களைத் தரச் சொல்லி என்னிடம் வந்தார். ஆல்பத்தைத் தோலுரித்து ஒரு ரீமிக்ஸ் செய்யப்போகிறாராம். குரல், கித்தார், பேஸ், டிரம்ஸ். மற்றதெல்லாம் வெளியே. நான் செத்தால்தான் அது நடக்கும் என்று முழங்கினேன்.

“ஒரு வாட்டி கேட்டுட்டு அப்புறம் செத்துப் போங்க அங்கிள்” என்றார் ரேகா.

சேவியருக்கு அப்போதே இதயம் மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது. இப்போது கேட்காவிட்டால் அவன் எப்போதுமே கேட்கப் போவதில்லை. நாடாக்களைக் கொடுத்தேன்.

ரீமிக்ஸ் தயாரானதும், ஒலிக்கூடத்துக்குச் சேவியரோடு எஸ்தரும் வந்தார். பாட்டு தொடங்கியது. என் வயலின்கள் காலிசெய்த இடத்தில், போர்ட் கிள்ளானுக்குள் கப்பல் நுழைவதைப் போல பேஸ் வந்தது. சோபா நடுங்கியது. தேத்தண்ணி தளும்பியது. சுபாங்கில் விமானங்கள் தரையிறங்கத் தயங்கியிருக்கும். பாடகனின் குரல் தடுமாறிய இடங்களிலெல்லாம் அது கீழிருந்து ஏந்திப் பிடித்துக்கொண்டிருந்தது. எஸ்தர் ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை, புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வயர மாட்டித்தான் இருந்திருக்கீங்க” என்றார்.

அவன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை இழுத்திருந்தால் இரட்டைக் கோபுரத்துக்கே விளக்குப் போட்டிருக்கலாம்.

நான் எழுந்து நின்று சரணடைந்தேன். “ரேகா, இதுதாம்மா ஆல்பம்! பழசத் தூக்கிக் கடல்ல போடு!”

“வேணாம்” என்றான் சேவியர். “பழசுதான் நல்லாருக்கு.”

“டேய்!”

“எனக்குக் கேக்கணும்னு இருந்துச்சு, கேட்டுட்டேன். அவளும் கேட்டுட்டா. ஆனா இதுல கடல் எங்கடா? தண்ணி இல்லாத எடத்துல கப்பல நிறுத்தி வச்ச மாதிரி இருக்கு!” துறைமுகத்தில் ஆயுள் முழுக்கக் கிரேன் ஓட்டியவன் அல்லவா, கப்பலைப் பற்றி அவனிடம் வாதாட முடியவில்லை. அன்றிலிருந்து அவன் அரண்மனைக் கட்சி, நான் கொட்டாய்க் கட்சி. யுத்தம் மட்டும் நிற்கவில்லை. அவன் கடைசியாகச் சாப்பிட வந்த நாள் வரை அப்பளங்கள் நொறுங்கின. ரேகா இரண்டையும் சேர்த்தே வெளியிட்டுவிட்டார்.

சவப்பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்புமுன், பாதிரியாரின் ஜெபம் முடிந்ததும், எஸ்தர் பழைய ஆல்பத்தைத்தான் போடச் சொன்னார். ரேகா கொண்டுவந்திருந்த ஒலிபெருக்கிகள் ஆளுயரம். வயலின் படை புறப்பட்டது, இடி இடித்தது, பாடகர்கள் வானத்தைப் பிளந்தார்கள். வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒவ்வொன்றாக அதிர ஆரம்பித்தன. மூத்த மச்சினர் தன் நாற்காலியின் கையைத் தொட்டுப் பார்த்தார்.

“மச்சான் இருக்காரு லா!” என்று கத்தினார்.

யாரோ கைதட்டினார்கள். பிறகு தெருவே தட்டியது. பிரேதத்தை வைத்துக்கொண்டு கைதட்டுவது முறையா என்று கேட்பவர்கள் அன்று அங்கே இல்லாதவர்கள். எஸ்தர்தான் எல்லோரையும்விட பலமாகத் தட்டினார்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கும்போதெல்லாம் பழைய ஆல்பத்தைப் போடுகிறேன். ஆமாம், என் கட்சிக்குத் துரோகம் செய்துதான். என் இடியும் வயலினும் முழங்கும்போது கார்க்கதவு மெல்ல நடுங்குகிறது. கையை அதன்மேல் வைத்துக்கொள்கிறேன்.

கேக்குதுடா.