சோப்பு நுரையில் ஓர் ஓநாய்

கண்ணாடி முழுக்க நுரையைப் பூசிவிட்டு, துடைப்பானை எடுப்பதற்கு முன்னால் க்ளிஃப் டெபட் ஆள்காட்டி விரலால் அதில் ஒரு சொல் எழுதுகிறார். கடைக்குள்ளே காபி இயந்திரத்தின் பின்னால் நிற்கும் எனக்கு எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும். இன்றைக்கு, இத்தாலி மொழியில், 'ஓநாய்'. உதட்டை அசைத்து மூன்று தடவை சொல்லிப் பார்க்கிறார். அப்புறம் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. ஓநாய் வழிந்து வாளிக்குள் போய்விடுகிறது. போன செவ்வாய்க்கிழமை 'கோடாலி'. அதற்கு முந்தின வாரம் 'விதவை'. எதிர்க்கடைத் தையல்காரி பிலோமேனா அதைப் பார்த்துவிட்டு, "யாரைச் சொல்றான் இந்தாளு?" என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டாள். அவளும் எங்களைப் போல இத்தாலிக்காரி, விதவையும்கூட. சமாதானப்படுத்த எனக்கு இரண்டு காபி செலவு.

க்ளிஃபுக்கு ஐம்பத்திரண்டு வயது. இங்கிலாந்தில் இந்த பெட்ஃபர்டில் பாதி வீட்டு ஜன்னல்களைத் துடைப்பவர் அவர்தான். அந்தப் பாதியில் சரிபாதி எங்கள் ஆட்களின் வீடுகள். செங்கல் சூளை வேலைக்கு இத்தாலியிலிருந்து என் அப்பாவோடு கப்பலேறி வந்தவர்கள், அவர்கள் பெற்றவர்கள், அவர்கள் பேரப்பிள்ளைகள். க்ளிஃப் நெட்டை ஆள். செம்பட்டை முடி, வெயில் பட்டால் சிவந்துபோகும் மூக்கு, மழையைப் பற்றி மட்டுமே பேசும் வாய் என்று தலை முதல் கால் வரை இங்கிலீஷ்காரர். புருவம் மட்டும் கன்னங்கரேலென்று அடர்ந்து கிடக்கும். அது எங்கள் பக்கத்துப் புருவம். சூளையில் முப்பது வருஷம் வெந்து ஓய்வுபெற்ற ஜெரார்டோ கிழவர்தான் அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்.

இத்தாலி மொழியை க்ளிஃப் கற்றதெல்லாம் கதைகளிலிருந்துதான். நகர நூலகத்தில் சிறுபிள்ளைகள் அலமாரிக்கு முன்னால் முழங்காலை மடித்து உட்கார்ந்து ஆரம்பித்தார். அதனால் அவருக்கு ஒரு காபி கேட்கத் தெரியாது, ஒரு ராஜ்யத்தைப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கத் தெரியும். தபால்தலைக்கு என்ன சொல்வது என்று தெரியாது, மூன்று தலை நாகத்தை எப்படி ஏமாற்றுவது என்று தெரியும். ஒரு நாள் வாளியில் தண்ணீர் தீர்ந்துபோய் பிலோமேனாவின் வாசலில் நின்று, எங்கள் மொழியில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"நற்குணம் வாய்ந்த பெண்ணே, ஏழு மலை கடந்து களைத்து வந்திருக்கிறேன். உன் கிணற்றிலிருந்து எனக்குச் சிறிது நீர் தருவாயா?"

"ஏழு மலையா? ரெண்டு தெரு தள்ளித்தானய்யா உன் வீடு! குழாய் அந்தப் பக்கம் இருக்கு, போய்ப் புடிச்சுக்க."

கடையில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் மறுநாளும் ராஜா மாதிரியேதான் பேசினார். அவருக்கு வேறு பேச்சு இல்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யாரைப் பார்த்தாலும் பெயரைக் கேட்கமாட்டார்கள். "யாரு வீட்டுப் பிள்ள நீ?" என்பார்கள். அப்பன் பெயரைச் சொன்ன பிறகுதான் உட்காரச் சொல்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் க்ளிஃப் முதன்முதலாக எங்கள் கடைக்குள் வந்தபோது ஜெரார்டோ அவரிடமும் அப்படிக் கேட்டு வைத்தார், நான் அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன். "ஐவி டெபட்டோட பையன்" என்றார் க்ளிஃப். நாங்கள் அப்பன் பெயருக்காகக் காத்திருந்தோம். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வயல். மண்வெட்டியோடு ஓர் இளைஞன், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. பின்பக்கம் பென்சிலில் 'டொனாட்டோ' என்றும், மலைமேலிருக்கும் ஓர் ஊரின் பெயரும். இரண்டாம் உலக யுத்தத்தில் பிடிபட்டு, கைதியாக இங்கே ஒரு பண்ணையில் வேலை செய்தவன். அதே பண்ணையில் வேலை செய்த பெண் ஐவி. நாற்பத்தாறில் கைதிகளை ரயிலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் பிள்ளை இருப்பது அதற்கப்புறம்தான் ஐவிக்கே தெரிந்தது. இதையெல்லாம் அவள் மகனிடம் சொன்னது சாவதற்கு மூன்று மாதம் முன்னால். "ஒரு லெட்டர் போட்டேன்டா. போய்ச் சேந்துச்சோ இல்லியோ. பதில் வரல" என்றாளாம்.

"எனக்கு வேற எதுவும் வேணாம்மா," என்றார் க்ளிஃப் என்னிடம். "நான்னு ஒருத்தன் இருக்கேன்னு அந்த மனுஷனுக்குத் தெரியுமா தெரியாதா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

எங்கள் மாதா கோயில் சாமியார் அந்த மலையூர்ச் சாமியாருக்கு எழுதிப்போட்டார். கூடவே க்ளிஃப் சொல்லச் சொல்ல நானும் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து பதில் வந்தது, டொனாட்டோவின் மகள் அசுந்தாவிடமிருந்து. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்திருந்தாள். அப்பா இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் தானும் தம்பி ரொக்கோவும் மட்டும். தம்பியும் இப்போது இல்லை. இங்கிலாந்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசியாக, யோசித்து யோசித்து எழுதியது போல இரண்டு வரி: 'அப்பா எங்களுக்கு விட்டுப்போனது கதைகள்தான். படுக்கப் போகும்போது சொல்வார். உங்களுக்கு வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன்.'

முதல் கதை வந்தபோது, அப்படியே ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தாளை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. அந்தப் பொண்ணுக்கு அவர் சொன்ன வார்த்தையிலயே எனக்கும் கேக்கணும். ஐஞ்சு வயசுல கேட்டிருக்க வேண்டியது. லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா என்னோடேயே இருந்தார். சூளையிலிருந்து வருவார், சாப்பிடுவார், நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். ஒரு கதை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ.

அன்றிலிருந்து, அவர் வாங்கும் ஒரு காபிக்கு நான் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்வது என்று ஒப்பந்தம். மீதி எல்லாம் அகராதியோடு அவர் பாடு. ஏணிக்கம்பியில் மாட்டிய துணிப்பைக்குள் கிளிப் போட்ட தாள்கள், நனையாமலிருக்க ரொட்டி சுற்றிவந்த பிளாஸ்டிக் உறை. ஒரு வீட்டின் மேல்மாடி ஜன்னலுக்கும் அடுத்த வீட்டின் கீழ் ஜன்னலுக்கும் நடுவே ஒரு வரி படிப்பார். வாசிக்கும்போது கட்டைவிரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்துவார். ஒரு பக்கம் முடிக்க ஒரு வாரம். முடித்ததும் ஜெரார்டோவுக்கும் சேர்த்துக் காபி வாங்குவார், வாசலிலிருந்தே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தூக்கிக் காட்டி.

"இது என்னய்யா எண்ணிக்கை?" என்பார் ஜெரார்டோ. "ஒண்ணுன்னா கட்டைவிரல். அதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். கட்டைவிரல் என்ன பாவம் பண்ணுச்சு, அத மடக்கி வச்சிட்டு எண்ணுறீங்க நீங்க எல்லாரும்?"

"எங்க ஊர்ல இப்படித்தான்" என்பார் க்ளிஃப்.

"புருவத்த வச்சிக்கிட்டு எங்க ஊராம், எங்க ஊர்!"

போன மார்ச்சில் ஒரு நாள் ஏணியில்லாமல் வந்தார். மழையுமில்லை, ஞாயிறுமில்லை. அதுவரை அசுந்தா அனுப்பியிருந்த ஐந்து கதைகளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

"நான் தப்பாப் படிக்கிறேம்மா. எங்கயோ கோட்ட விடுறேன். இவ்வளவு நாள் படிச்சும் மண்டையில ஏறலன்னா என்ன செய்ய?"

"எதுல தப்பு?"

"எண்ணிக்கைல."

ராஜாவுக்கு மூன்று மகன்கள் என்று முதல் வரி. மருந்துத் தண்ணீர் தேடிக் கிளம்புவது இரண்டு பேர். மாவு ஆலைக்காரனுக்கு மூன்று பெண்கள், கல்யாணத்தில் நிற்பது இரண்டு. மீனவனுக்கு மூன்று பையன்கள், படகில் இரண்டு. முதல் கதையில் தன் மொழியறிவின் மேல் சந்தேகப்பட்டிருக்கிறார். இரண்டாவதில் அகராதியில் 'மூன்று' என்ற சொல்லையே தேடிப் பார்த்திருக்கிறார், முதல் நாளே தெரிந்த சொல்லை. ஐந்தாவது கதையிலும் ஒன்று குறைந்தபோது பயந்துபோய் என்னிடம் வந்துவிட்டார்.

நான் ஐந்தையும் வாசித்தேன். அவர் படித்ததில் ஒரு பிழையும் இல்லை. எல்லாக் கதையிலும் ஒரு பிள்ளை குறைந்தது.

ஜெரார்டோவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உங்கப்பனுக்கு எண்ணவே தெரியல போலிருக்கே! சூளைக்கு வந்திருந்தா மொத நாளே சீட்டுக் கிழிச்சிருப்பாங்க. மூணு புள்ளையக் கூட்டிட்டு வந்து ரெண்ட—" அங்கேயே நிறுத்திக்கொண்டார். க்ளிஃப் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் காபிக்குள் சர்க்கரை போட்டுக் கலக்கினார், ஏற்கெனவே போட்டுக் கலக்கிய காபிக்குள்.

அசுந்தாவிடம் கேளுங்களேன் என்றேன். "நீயே எழுதிடும்மா" என்பார் என்று நினைத்தேன். தானே எழுதுகிறேன் என்றார். மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் ஜன்னல்களில் ஒரு சொல்லும் எழுதவில்லை, துடைத்ததோடு சரி. முடித்ததும் என்னிடம் காட்டினார். ஒரே ஒரு வரி: 'மாண்புமிகு அசுந்தாவே, அரசனின் மூன்றாவது மைந்தன் எங்கே?' திருத்தச் சொன்னார். நான் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

பதில் வந்த அன்று தூறல். கடை வாசற்படியிலேயே உட்கார்ந்து படித்தார். அகராதியை எடுக்கவில்லை. நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல். ஒரு பக்கம்தான். அதையே திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு எழுந்து வந்து என்னிடம் நீட்டினார்.

முந்தின கடிதங்களெல்லாம் 'மதிப்பிற்குரிய ஐயா'. இது 'அண்ணனுக்கு' என்று ஆரம்பித்தது. தானும் ரொக்கோவும் அந்தக் கேள்வியைக் கேட்காத நாளே கிடையாது என்று எழுதியிருந்தாள். 'மூணுன்னு சொன்னீங்க, ரெண்டு பேர்தானே வர்றாங்க என்று சண்டை போடுவோம். அப்பா எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார்: மூத்தவன் வெளிய போயிருக்கான், வந்துருவான், நீங்க தூங்குங்க. அப்பாவுக்குக் கணக்கு வராது என்று நாங்கள் போர்வைக்குள் சிரிப்போம். உங்கள் வரியைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.'

ஜெரார்டோவுக்கும் படித்துக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"அம்பது வருஷம் வெளியவே நின்னுட்டேனேம்மா," என்றார் க்ளிஃப். "கதவு தொறந்துதான் இருந்திருக்கு. எனக்குத் தெரியல. இப்ப தெரியுது, உள்ள வாடான்னு சொல்ல ஆளில்ல." அழுதார். வாளியில் தொங்கிய துணியால் முகத்தைத் துடைக்கப் போனவருக்கு நான் என் மேல்துண்டைக் கொடுத்தேன்.

மறு செவ்வாய்க்கிழமை கண்ணாடியில் 'வாசல்' என்று எழுதியிருந்தது. அன்றைக்குத் துடைக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடை நிறைந்திருந்தது. பிலோமேனாவின் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். தலையில் கறுப்புத் துணி, வந்து இறங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஜெரார்டோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செம்பட்டைத் தலை நெட்டை ஆளைப் பார்த்தாள், அந்தப் புருவத்தைப் பார்த்தாள், கேட்டே விட்டாள்.

"யாரு வீட்டுப் பிள்ளப்பா நீ?"

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். ஜெரார்டோ என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"டொனாட்டோ வீட்டுப் பிள்ள" என்றார் க்ளிஃப். எங்கள் மொழியில், ராஜாவும் மலையும் இல்லாமல், எங்களில் ஒருவர் சொல்வது போலவே.

"அவருக்கு எத்தன பிள்ளைங்க?"

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். வழக்கம் போல ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தூக்கினார். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மடங்கிக் கிடந்த கட்டைவிரலை மெதுவாக விரித்தார்.