அரை விரல் தளர்வு

தையற்காரம்மாவுக்கு எதையும் அளந்துதான் பழக்கம். இருபது வருடமாக அதே ஜன்னலோரம், அதே மிஷின். தெருவில் பாதிப் பேருடைய இடுப்பளவு மனப்பாடம், ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். லாரி ஓட்டும் கணவர் நேர் எதிர். அளவாவது கிளவாவது! சரக்கு மூட்டையோ செருப்பு வாரோ, அவர் கட்டினால் அவிழ்க்கக் கத்திதான் வேண்டும்.

அவர் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிய மறுநாள், இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மாமனார் வாக்கரோடு வீடு திரும்பினார். தபால் ஆபீசில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவர். யாரிடமும் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்டு வாங்காத ரோஷக்காரர். அவர் வந்த நேரமா பார்த்துக் கழிப்பறை ஃப்ளஷ் மக்கர் செய்தது. கைப்பிடியை அழுத்தினால் பேருக்குக் கொஞ்சம் தண்ணீர் வரும், அவ்வளவுதான். வாளி தூக்க அவரால் ஆகாது. ஒவ்வொரு தடவையும் மருமகள்தான் போய் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் மனிதர் காலைக் காப்பியே வேண்டாமென்றார். மதியம் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"என்ன மாமா, பசிக்கலையா?"

"பசிக்குதும்மா. சாப்பிட்டா போகணும், போனா உன்னைக் கூப்பிடணும். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு."

அவள் தட்டை எடுத்து வைத்தாள். பிளம்பருக்குப் போன் போட்டாள். "நாளைக்கு வர்றேன்க்கா" என்றான். இதையேதான் நேற்றும் சொன்னான்.

சரிதான் போ என்று ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் தானே தூக்கி வைத்தாள். அடியில் ஒரு ரப்பர் மூடி. கைப்பிடியை அழுத்தினால் அது எழும்பி, தண்ணீர் மொத்தமும் கோப்பைக்குப் பாய வேண்டும். பிறகு மூடி விழுந்து உட்கார வேண்டும். தண்ணீரோடு இறங்கும் மிதவைப் பந்து குழாயைத் திறந்துவிடும், நிரம்ப நிரம்ப மேலேறி அடைத்துவிடும். இங்கே மூடி உட்காரவே இல்லை. அரைகுறையாய்த் தொங்கியது, வந்த தண்ணீரெல்லாம் அப்படியே ஒழுகிக்கொண்டிருந்தது. மூடியைக் கைப்பிடியோடு சேர்த்து இழுத்துப் பிடித்திருந்தது அவளுடைய நைலான் நூல். முடிச்சைப் பார்த்ததுமே யார் கைவரிசை என்று தெரிந்துவிட்டது. லாரியில் போய்க்கொண்டிருந்த கணவருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, ஃப்ளஷ்ல கை வெச்சீங்களா?"

"சங்கிலி அறுந்திருந்துச்சு. அப்பா வர்றாரேன்னு நல்லா இறுக்கிக் கட்டிட்டு வந்தேன். எப்படி இருக்கு?"

"லோடு கட்டுற மாதிரி கட்டியிருக்கீங்க! உட்கார இடம் விட வேணாமா?"

தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயைத் திருகி மூடினாள். ரப்பரின் விளிம்பிலிருந்த வழுக்குப் பாசியைத் துணியால் துடைத்தாள். நூலை அறுத்து, அரை விரல் தளர்வு விட்டு மறுபடி கட்டினாள். சட்டைக் கைக்கு விடுகிற அதே கணக்கு. குழாயைத் திறந்தாள், பந்து ஏறியது, சத்தம் நின்றது. தொட்டியில் நாலு சொட்டு நீலம் விட்டுக் கால்மணி நேரம் பார்த்தாள். கோப்பையில் நீலம் எட்டிப் பார்க்கவில்லை, ஒழுகல் நின்றுவிட்டது.

மாமனாரை அழைத்து அழுத்தச் சொன்னாள். தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. மனிதர் உடனே இன்னொரு தடவை அழுத்தினார், ஒன்றும் வரவில்லை.

"ரெண்டு நிமிஷம் பொறுங்க மாமா. தொட்டி நிரம்ப வேணாமா?"

விழுந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தார். ராத்திரிச் சாப்பாட்டில் தட்டைக் காலி செய்துவிட்டு வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பழக்க தோஷத்தில் அவளும் மிஷினை விட்டு எழுந்தாள்.

"நீ தைம்மா. நான் பார்த்துக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தண்ணீர் பாயும் சத்தம் கேட்கும்வரை அவள் மிஷினை மிதிக்கவில்லை.