பெயர் கூப்பிடும் நாள்

கல்லூரியில் மூன்று வருஷமும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இலங்கை அகதி முகாமிலிருந்து வந்தாள். முகாம் கடலூர்ப் பக்கம். கைக்குழந்தையாகப் படகில் வந்தவளாம். கடலைக் கடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. நான் குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸில் வருவேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் யார் முதலில் இறங்கினாலும் மற்றவளுக்காகக் காத்திருந்து, சேர்ந்தே கல்லூரிக்கு நடப்போம்.

2007இல் நாங்கள் இரண்டாம் வருஷம். சுதந்திர தினம் வந்தது. எனக்கு அது லீவு, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் கொடியேற்றப் போனதே இல்லை. வகுப்பில் நாலு பேர் சேர்ந்து கடலூர் சில்வர் பீச்சுக்குப் போகலாம் என்று முடிவு செய்தோம். அவள் வரவில்லை என்றாள்.

"லீவுதானேடி. வீட்ல என்னா வேலை?"

"வேலை இல்ல. அன்னிக்கு முகாம்ல பேர் கூப்பிடுவாங்க. எல்லாரும் உள்ள இருக்கணும்."

"வர இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடு."

அவள் டிபன் பாக்ஸை மூடிப் பையில் வைத்தாள்.

அன்றைக்குப் பீச்சில் நல்ல கூட்டம். மற்றவர்கள் அலையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். பேசியது உறுத்திக்கொண்டே இருந்தது. மத்தியானம் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பி, முகாம் ஸ்டாப்பில் இறங்கினேன். வாசலில் இருந்தவர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, ஆள் அனுப்பினார்.

தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, துப்பட்டாவில் காகிதக் கொடியைக் குத்திக்கொண்டு வந்தாள். காலையில் முகாமில் கொடியேற்றினார்களாம். பிள்ளைகளுக்குத் தேசிய கீதம் சொல்லிக்கொடுத்தது இவள்தானாம்.

"ஒருத்தன்கூடத் தப்பு பண்ணல. காலேஜ்ல யாரு கொடியேத்துனது?"

"தெரியல. தூங்கிட்டேன்."

சிரித்தாள். பிறகு கேட்டாள்: "பீச்சுக்குப் போவ யார்கிட்ட பர்மிஷன் வாங்குன?"

"அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பொறாமையாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோல்தான் கேட்டாள். எனக்கு முகம் சுட்டது. பத்தொன்பது வயதுவரை, வெளியே போவதற்கு வேறு யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"அன்னிக்குக் கோச்சிக்கினு பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

"லூசு," என்றாள். உள்ளேயிருந்து யாரோ பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு ஓடினாள்.

படிப்பு முடிந்த வருஷம்தான் இலங்கையில் சண்டை முடிந்தது. அங்கேயே இருந்துவிட்ட அவளுடைய சித்தி குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வேலை கேட்டுப் போன இடங்களில் நல்ல மார்க் என்றார்கள், பிறகு அடையாள அட்டை கேட்டார்கள்; அவளிடம் இருந்தது அகதி அட்டைதான். கடைசியில் கடலூரில் ஒரு துணிக்கடையில் பில் போட்டாள். நான் சிதம்பரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வருவாள். கீழவீதியில் சும்மா நடப்போம், பூ வாங்குவோம். சாயங்காலமானால் பஸ்ஸுக்கு அவசரப்படுவாள்.

2012இல் அவள் குடும்பம் சொந்த ஊரான மன்னாருக்குத் திரும்ப முடிவு செய்தது. சென்னை விமான நிலையத்திலிருந்து போன் செய்தாள். அதுவரை என்னிடம் எங்கள் பேச்சையே பேசிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு இலங்கைப் பேச்சில், "நாங்கள் வெளிக்கிடுறம், என்னை மறந்துபோகாதை" என்றாள். "போயிட்டு வா" என்றேன். எங்கே வருவது என்று பிறகுதான் யோசித்தேன்.

மன்னாரிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. கிணற்றைத் தூர் வாரிவிட்டார்கள், வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை, அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று எழுதியிருந்தாள். எனக்கு அப்போது கல்யாண வேலைகள். மூன்று மாதம் கழித்துப் பதில் எழுதினேன். மறுபடி ஒன்று எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை.

அந்த மூன்று மாதங்களை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். தபால் பெட்டி எங்கள் தெருமுனையிலேயே இருந்தது.