நாய்க்கடி ஊசிக்கு எங்களை அழைத்துப்போன சவரியம்மாள்

அன்று காலை நான் அப்பாவுக்குப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். வெறிநாய்க்கடிக்கு நம் புதுச்சேரி சர்க்கார் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் தயாரித்த மருந்து வெற்றி பெற்றுவிட்டது, அதைப் போட்டுக்கொண்ட பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள், பெரிய டாக்டருக்குப் பாராட்டு நடந்தது என்று எழுதியிருந்தார்கள். பாதி வாசித்திருப்பேன். தெருவில் தயிர்க்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "பாப்பா, ஊசிக்காரம்மா போய்ட்டாங்களாம். நாலு நாளா காய்ச்சலாம்." மீதியை அப்பா கேட்கவில்லை. நானும் வாசிக்கவில்லை.

வில்லியனூர்ப் பக்கத்தில் அவரை அறிந்த உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊசிக்காரம்மா என்று ஊர் அழைத்தாலும் சவரியம்மாள் ஊசி போட்டவர் அல்ல. ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறையைக் கழுவித் துடைத்தவர். ஆனால் நாய் கடித்த பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும் தேடி வந்து, தினமும் காலை ரயிலில் கூட்டிப்போய், மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவார். யாரும் அவருக்கு இட்ட வேலை அல்ல அது.

சென்ற வருஷம் ஒரே நாய் என்னையும் அஞ்சலையையும் கடித்தது. அஞ்சலைக்கு எட்டு வயது. எங்கள் வயலில் வேலை செய்யும் செங்கேணியின் மகள். கடிபட்டவர்கள் ஓடும் தண்ணீரைப் பார்க்கக் கூடாது, ரயில் ஆற்றைத் தாண்டுமே என்று என் பெரியப்பா மறுத்தார். சவரியம்மாளை எங்கள் வாசலுக்குள் யாரும் அழைக்கவில்லை. வைக்கோல் போர் அருகே நின்றபடியே, "பாக்காம கூட்டினு போறேன் ஐயா" என்றார். அப்படியே செய்தார். பாலம் வந்ததும் முந்தானையை விரித்து ஜன்னலை மறைத்துக்கொண்டார். பாடப் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை என்று நான் சொன்னபோது, "இல்லாம இருக்கட்டும். ஒங்க பெரியப்பாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேனே" என்றார்.

ஊசியை வயிற்றில் போட்டார்கள். ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில். "டாக்டரு தொர ஒங்க வவுத்துல கோலம் போடுறாரு. இன்னிக்குப் புள்ளிய எங்க வெக்கச் சொல்லட்டும்?" என்று கேட்பார் சவரியம்மாள். அஞ்சலை மூக்கைத் துடைத்துக்கொண்டே, "நேத்து வெச்ச புள்ளியே இன்னும் காயல" என்பாள்.

பாதி ஊசியில் நடவு தொடங்கிவிட்டது. செங்கேணி வயலில் இறங்கினால் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள அஞ்சலை வேண்டும். "காயந்தான் ஆறிப்போச்சே. வவுறுதான் வீங்கிகினு கெடக்கு" என்று மகளை அனுப்ப மறுத்துவிட்டாள். "ஆறுனது தோலும்மா. வெசம் உள்ள குந்திகினு இருக்கும்" என்று வரப்பில் நின்று கெஞ்சினார் சவரியம்மாள். வரப்பு எங்களுடையது. நடவும் எங்களுடையது. ஓர் ஆளை விட்டுக்கொடுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நான் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டேன். அறுவடைக்கு முன்னால் அஞ்சலை தண்ணீரைக் கண்டு அலறத் தொடங்கினாள். பிறகு இறந்துபோனாள்.

ஊசிதான் கொன்றது என்றது ஊர். அஞ்சலையைப் புதைத்த மறுநாளே சவரியம்மாள் செங்கேணியின் வாசலுக்கு வந்தார். நோயின் வேகத்தில் அஞ்சலை தன் தம்பியான அந்தக் கைக்குழந்தையின் கையைக் கடித்திருந்தாள். "இன்னாத்துக்குடி வந்த? ஒண்ணு பத்தலியா?" என்று செங்கேணி விளக்குமாற்றால் அடித்தாள். நான் தெருவில் நின்று பார்த்தேன். "அடிச்சிக்கோ. புள்ளயக் குடு" என்றார் சவரியம்மாள். அன்று அவள் கொடுக்கவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் செங்கேணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

அந்தப் பையன் இப்போது ஓடி விளையாடுகிறான். பத்திரிகை எழுதிய பிழைத்த பிள்ளைகளில் அவனும் நானும் உண்டு. மருந்து நல்ல மருந்துதான். அதற்கு நானே சாட்சி. ஆனால் பாதியில் நின்றுபோன பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதை நினைத்தால் எனக்குப் பாடம் ஓடவில்லை. ரயிலடிவரை வந்து நிற்கிற மருந்தை வீட்டு வாசல்வரை கொண்டுவந்தவர் போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வருவதாகத் தெரியவில்லை.

சவரியம்மாளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: விரட்டப்பட்ட வாசலுக்கு மறுநாளும் போவது. முந்தாநாள் கீழண்டைத் தெருவில் ஒரு பெண்பிள்ளையை நாய் கடித்தது. ஊசி போட வேண்டும் என்று போய்ச் சொன்னேன். "நீ போயி படிக்கிற வேலையப் பாரு பாப்பா" என்று கதவைச் சாத்தினார்கள். நேற்றும் சாத்தினார்கள். இதை எழுதி முடித்ததும் மறுபடி போகிறேன்.