காதோரத் தையல்

பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் கணவர் சேவியர் வாசலில் வந்து நின்றார். "ஸ்டெல்லா தூக்கத்துலயே போய்ட்டாம்மா." சாவிலும் கொடுத்துவைத்தவள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

நிலக்கரிச் சுரங்கத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாங்கள் ஒரே நாளில் சேர்ந்தோம். என்னைவிட மூன்று வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட விடமாட்டாள். குரல் அவளுக்கு, முகம் எனக்கு என்று எங்களுக்குள் பேசாத ஒப்பந்தம். ஷிப்டில் இருந்த இஞ்சினியர்கள் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே தப்பு நம்பர் கேட்பார்கள். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் சிலருக்கும் அது நினைவிருக்கும். நேரில் வருகிறவர்கள் என்னைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ஒரே தெருவில் வீடு கட்டிக்கொண்டோம். மகன் வீட்டுக்கென்று பெங்களூர் போன ஸ்டெல்லா இரண்டு மாதம் கழித்துப் பத்து வயது குறைந்து திரும்பினாள். கேட்டவர்களிடமெல்லாம் "பெங்களூரு தண்ணி ஒத்துக்கிச்சிங்க" என்றாள். என்னை மட்டும் சமையலறைக்கு இழுத்துப்போய் முடியை ஒதுக்கிக் காட்டினாள். காதுக்கு முன்னால் இறங்கி, மடலைச் சுற்றிப் பின்னால் போனது ஒரு மெல்லிய கோடு. முகத்தோலை இழுத்துத் தைத்திருந்தார்கள்.

"ஹெட்போன் அழுத்துன எடத்துலயே தையல் போட்டுகினு வந்திருக்கேன் பாரு. தொட்டா இன்னும் மரத்துதான் கெடக்குது."

"இந்த வயசுல எதுக்குடி இது?"

"முப்பது வருஷம் கொரல மட்டும் கேட்டானுங்க. மூஞ்சியையும் கொஞ்சம் பாக்கட்டுமே."

ஒரு கல்யாணத்துக்காகக் குள்ளஞ்சாவடிக்குப் பஸ் ஏறினோம். காலேஜ் பெண் ஒருத்தி எழுந்து ஸ்டெல்லாவிடம், "அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க, ஆயா உக்காரட்டும்" என்றாள். ஆயா நான்தான். ஸ்டெல்லா இறங்கும்வரை சிரித்தாள். அத்தனை சிரிப்புக்கும் தாடையோரம் ஒரு மடிப்பு விழவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று கன்னம் இரண்டையும் காதுப் பக்கம் இழுத்துப் பார்த்தேன். கையை எடுத்ததும் தொங்கிவிட்டது.

அந்த ரகசியத்தைப் போட்டு உடைக்க எத்தனையோ நாள் நாக்கு துடித்தது. அது அவளுக்கும் தெரியும். "நான் இருக்கறவரைக்கும் வாயத் தொறக்காத. போனப்புறம் நீயே எல்லாருக்கும் சொல்லிடு. உன் வயித்தெரிச்சலாவது அடங்கட்டும்" என்பாள்.

பெட்டியில் கிடத்தும்போது யாரோ அவள் முடியைப் பின்னால் இழுத்து வாரிவிட்டிருந்தார்கள். காதோரக் கோடு பளிச்சென்று தெரிந்தது. தெருப் பெண்கள் வரிசையாகக் குனிந்து முகம் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவே வேண்டாம், சும்மா நின்றால் போதும். ஆனால் என் கை போய் முடியை இழுத்து அதை மூடிவிட்டது.

"இந்த வயசுலயும் எப்படி இருக்காங்க பாருங்க" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"பெங்களூரு தண்ணிங்க" என்றேன்.

அவள் சொன்னபடி இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம். ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.