சூடு ஆறாத கட்டில்கள்

டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்டிராம்க்கில், யாட்விகா ஸ்மோலரெக் வீட்டுக் கட்டில்கள் சூடு ஆறியதே கிடையாது. பகல் ஷிப்டுக்காரன் எழுந்து கார் ஆலைக்குக் கிளம்புவான். இரவு ஷிப்டு முடித்து வந்தவன் அதே பள்ளத்தில் விழுந்து குறட்டை விடுவான். தலையணை உறை மட்டும் ஆளுக்கொன்று. அதில் யாட்விகா கறார்.

கணவன் நிமோனியாவில் போனதும், அழுது முடித்த கையோடு மாடி அறைகளில் கட்டில் போட்டவள் அவள். போலந்திலிருந்து வந்திறங்கிய ஆண்கள் மூட்டையும் முடிச்சுமாய் வாசலில் வந்து நின்றார்கள். எல்லாருக்கும் அவள் 'பானி', அதாவது அம்மணி. முட்டைக்கோஸ் சூப்பும் பன்றிக்கறியும் கறுப்பு ரொட்டியுமாக அடுப்பு ஓயாமல் எரிந்தது.

காசு கொழித்த காலம் அது. ஆலையில் தகடு அழுத்தும் இயந்திரங்கள் இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் யாட்விகாவின் அலமாரித் தட்டுகள் கிணுகிணுக்கும். மாடியில் தங்கியிருந்த ஃப்ளோரியன் ஒரு வாயாடி. சொந்தமாய்க் கார் வாங்கி, இரண்டு தெரு தள்ளியிருந்த தேவாலயத்துக்கும் அதில்தான் போவான்.

"ஏன்டா, நடந்தா கால் தேஞ்சிடுமா?" என்பாள் யாட்விகா.

"நான் செஞ்ச கார்ல நான் போகாம வேற எவன் போவான், பானி? இன்னும் கொஞ்ச நாள்ல நிலாவுக்கே ரோடு போட்டுடுவாங்க. அதுக்கும் கார் நாமதான் செய்யணும், பாருங்க!"

மேசையே சிரிக்கும். வாலென்டி மட்டும் தலை நிமிராமல் சூப்பைக் குடிப்பான். ஃப்ளோரியனின் கட்டிலையே பகிர்ந்துகொண்ட பகல் ஷிப்டுக்காரன். மனைவி ஹெலெனாவும் மகளும் ஊரில். அவர்களைக் கப்பலேற்றி அழைத்துவர, புகையிலையைக்கூட விட்டுவிட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

1929 கோடை முடியும் சமயம், ஒரு மாலை மாடியில் ஒரே சத்தம். வேலை முடிந்து வந்த வாலென்டி கட்டிலருகே நின்றிருந்தான். உள்ளே போர்வைக்குள் ஃப்ளோரியன்.

"எந்திரிடா, இது என் நேரம்."

"எனக்கு இன்னைக்கு வேலை இல்லடா. அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க."

"அதுக்கு நான் தரையில படுக்கணுமா?"

இருவரும் போர்வையை ஆளுக்கொரு முனையாய் இழுத்தார்கள். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாட்விகாவும் சிரித்துக்கொண்டே பழைய மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தாள். படி இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேலை நாளில் ஒரு கட்டிலுக்குரிய இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படுக்க நிற்கிறார்கள். அந்த வீட்டில் அப்படி நடந்ததே இல்லை.

அந்த 'அடுத்த வாரம்' வரவேயில்லை. இலையுதிர் காலத்தில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த செய்தியை வானொலி சொன்னபோது, "நம்மகிட்ட என்ன பங்கா இருக்கு? பணக்காரன் பாடு" என்றான் ஃப்ளோரியன். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே காரை விற்றான். பனி கரைவதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். தலையணை உறையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தான்.

அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக. யாட்விகாவின் சேமிப்பு கிடந்த தெருமுனை வங்கி ஒரு திங்கட்கிழமை கதவைத் திறக்கவில்லை. தட்டித் தட்டிக் கை வீங்கித் திரும்பினாள். பிறகு ஒருநாள் அலமாரித் தட்டுகளும் ஓய்ந்தன. அந்த அமைதியில் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வாலென்டி ஒருவன்தான் மிச்சம். நின்ற இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் போடத் தன்னை வைத்திருக்கிறார்கள் என்றிருந்தான். விடியுமுன் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவான். இருட்டியபின் வருவான். சனிக்கிழமை தவறாமல் வாடகையை மேசைமேல் வைப்பான்.

"உன் வாலென்டி மச்சக்காரன்டி. ஊரே கையைப் பிசையுது, அவனுக்கு மட்டும் எப்படி வேலை?" என்றாள் பக்கத்து வீட்டு பெலாகியா. கேட்ட விதம் யாட்விகாவுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாம் குளிர்காலத்தில் ஒருநாள் அவன் டப்பாவை மறந்துவிட்டுப் போனான். பசியோடு இருப்பானே என்று அவளே எடுத்துக்கொண்டு ஆலைக்கு நடந்தாள். வாசல் கதவில் சங்கிலி. அதன் முன்னே கிடந்த பனியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"யாரைத் தேடுறீங்க?" கூண்டுக்குள்ளிருந்து காவலாளி கேட்டான்.

"வாலென்டினு… தகடு பட்டறையில."

"அந்தப் பட்டறையா? அறுவடைக் காலத்துலயே மூடியாச்சும்மா. இப்ப உள்ள எலிதான் இருக்கு."

அன்று மாலை சூப்பை அவன் முன்னால் வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். டப்பா மேசைமேல் இருந்தது. அவன் அதையே பார்த்தான்.

"தினமும் எங்க போற?"

"நடப்பேன், பானி. எங்கயாவது ஆள் எடுத்தா வரிசையில நிப்பேன். இல்லன்னா ரயில் நிலையம். விரட்டுற வரைக்கும் கதகதப்பா உக்காந்திருப்பேன்."

"அப்ப சனிக்கிழமை குடுக்குற காசு?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "ஹெலெனா கப்பலுக்கு வெச்சிருந்தது."

"அடப்பாவி! உன் பொண்டாட்டி பிள்ளை வர்ற காசையா நான் இத்தனை நாள் தின்னேன்? இனிமே ஒரு காசு நீட்டினே, கையை ஒடிச்சிடுவேன். இருக்கறதைப் பகிர்ந்து சாப்பிடுவோம். சும்மா கிட வீட்டுல."

"வாடகையும் குடுக்காம, வேலைக்கும் போகாம… அப்புறம் காலையில எதுக்கு பானி எந்திரிக்கணும்?"

அவள் எழுந்து அவன் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள்.

மறுநாள் அவள் அடுப்பு மூட்டுவதற்குள் அவன் போய்விட்டிருந்தான். அன்றிரவு வரவில்லை. பிறகும் வரவில்லை. கண்டும் காணாமல் இருந்திருந்தால் இன்னும் வந்து போய்க்கொண்டிருப்பானோ என்ற எண்ணம் அவளைக் குடைந்தது.

டெட்ராய்ட் ஆற்றில் பனிக்கட்டி உடைந்தபோது, ஆளைக் காணோம் என்று அவள் சொல்லிவைத்திருந்த காவல் நிலையத்திலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்தார். கரையொதுங்கிய ஓர் ஆள், போலந்துக்காரர்போல இருக்கிறார், வந்து பார்க்க வேண்டும் என்றார். குளிர்ந்த பிணவறையில் துணியை விலக்கினார்கள். அவனில்லை. "கடவுளே, நன்றி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அப்புறம்தான் அந்த மனிதனின் கோட்டைப் பார்த்தாள். ஒரு பொத்தான் வேறு நிற நூலால், யாரோ பொறுமையாகத் தைத்தது. சொன்னதைத் திரும்ப விழுங்க முடியாமல், துணியை அவளே இழுத்து மூடினாள்.

அந்த வாரமே தேவாலயத்து இலவசச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கச் சேர்ந்தாள். புண்ணியத்துக்கு என்று பெலாகியாவிடம் சொல்லிக்கொண்டாள். உண்மையில், கிண்ணம் ஏந்தி வருபவர்களின் முகங்களைப் பார்ப்பதற்குத்தான் போனாள். வந்தவர்கள் அவள் பார்வைக்குத் தப்பித் தொப்பியைத் தாழ்த்திக்கொண்டார்கள். வாலென்டி கடைசிவரை வரவில்லை. போன வாரம் தேவாலயத்துச் சுவரோடு முடிந்த வரிசை மட்டும் இந்த வாரம் தெருமுனை திரும்பி, கண்ணுக்கு மறைந்து நின்றது.